பச்சிளங் குழந்தையின் மூளையும் பொது மயக்க மருந்தும்

1. முன்னுரை

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் வில்லியம் மோட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து நோயாளி ஒருவரை உணர்விழக்கச் செய்து காட்டினார். அடுத்த ஆண்டில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவ வேதனையைத் தணிப்பதற்குக் குளோரோபோமைக் கையாண்டார். கத்தியின் வேதனையிலிருந்து மனிதன் பெற்ற விடுதலையின் தொடக்கம் இதுவே. ஆயினும் இவ்விடுதலை மனிதர் யாவருக்கும் ஒரே காலத்திற் கிட்டிவிடவில்லை. பிறந்து சில நாட்களேயான குழந்தைகள் அதனை முழு அளவிற் பெறுவதற்கு மேலும் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர்கள் அதனைப் பெற்று ஒரு தலைமுறை கழிவதற்கு முன்னரே இன்னோர் ஐயம் எழுந்தது. வலியை அகற்றும் அம்மருந்துகளே வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஊறு விளைவிக்கின்றனவோ என்பதே அவ்வையம். ஆய்வுகூட விலங்குகளிற் கண்ட முடிபுகள் இவ்வையத்துக்கு வலுவூட்டின. மனிதக் குழந்தைகள்மீது நடத்தப்பெற்ற ஆய்வுகள் அதனைப் பெருமளவு தணித்தனவாயினும் முற்றாக நீக்கவில்லை. ஒருபுறம் வலியின் தீங்கு, மறுபுறம் மருந்தின் தீங்கு என்னும் இவ்விரண்டுக்கும் இடையில் மருத்துவர் எவ்வாறு முடிவு செய்வது? கைக்குழந்தையைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் அனுப்பிவிட்டு வாயிலில் நிற்கும் பெற்றோருக்கு அறிவியல் எதனை உறுதியாகக் கூறமுடியும்? இவ்வினாக்களை இதுவரை கிடைத்துள்ள சான்றுகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வலியை மறுத்த காலம்

பச்சிளங் குழந்தை வலியை உணர்வதில்லை என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகிற் செல்வாக்குப் பெற்றிருந்தது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்பெற்றவை இரண்டு. முதலாவது, அமெரிக்க உளவியலாளர் மேர்ட்டில் மக்கிறோ 1941இல் வெளியிட்ட அவதானிப்புகள். குழந்தைகளின் தோலிற் குண்டூசியாற் குத்தி அவர்களின் அசைவுகளை அவர் குறித்துவந்தார். பிறந்த முதற் சில மணித்தியாலங்களிலும் நாட்களிலும் பல குழந்தைகள் வெளிப்படையான எதிர்வினை காட்டாமையைக் கண்டு, மூளையின் புறணி இன்னும் தொழிற்படத் தொடங்காமையே அதற்குக் காரணம் என அவர் கருதினார். இரண்டாவது, உடற்கூற்றியல் சார்ந்த வாதம். நரம்பிழைகளைச் சுற்றியமையும் மயலின் உறை பிறந்த குழந்தையில் நிறைவு பெறுவதில்லை. ஆகவே வலிச்செய்தி மூளையைச் சென்றடைய முடியாது என்று கொள்ளப்பட்டது.

இவ்விரு வாதங்களும் வலுவற்றவை. எதிர்வினை காணப்படாமை உணர்வின்மைக்குச் சான்றாகாது. வளர்ந்தோரிலுங்கூட மந்தமான நீடித்த வலியைக் கடத்துவன மயலின் உறையற்ற நுண்ணிழைகளே. உறை இல்லாதவிடத்துச் செய்தி மெதுவாகச் செல்லுமேயன்றிச் செல்லாதொழிவதில்லை. குழந்தையின் உடல் சிறிதாகையால், செய்தி கடக்கவேண்டிய தூரமும் குறைவாகும்.

ஆயினும் மருத்துவர்கள் யாவரும் இரக்கமற்றவராய் இருந்தனர் என்று முடிவு கட்டுதல் தவறாகும். அக்கால மயக்க வாயுக்கள் சிறு குழந்தைகளின் குருதி அமுக்கத்தை விரைவாக வீழ்த்தின, மூச்சை ஒடுக்கின. மயக்கத்தினால் இறப்பதைவிட மயக்கமின்றிப் பிழைப்பது மேல் என்று பலர் நேர்மையாகவே நம்பினர். இதனால் 1980களின் நடுப்பகுதி வரையிலும் பல வைத்தியசாலைகளில், குறைமாதக் குழந்தைகளுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கியூராரே வகை மருந்தும் சிறிதளவு நைதரசு ஒட்சைட்டும் மாத்திரமே கொடுக்கப்பட்டன. தசை தளர்த்தி அசைவை நிறுத்துமேயன்றி வலியை நிறுத்தாது. குழந்தை அசையவில்லை, அழவில்லை என்பதே அது துன்புறவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

இந்நிலையை மாற்றியது 1987ஆம் ஆண்டு. ஒக்ஸ்போட்டில் ஆய்வு நடத்திய கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும், இதயத்தை அண்டிய குருதிக்குழாயொன்றைக் கட்டுவதற்காகச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 16 குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவுகளாக வகுத்தனர். வழக்கமான முறையை மாத்திரம் பெற்றோர் எண்மர். அதனுடன் பென்டனில் என்னும் வலிநிவாரணியைச் சேர்த்துப் பெற்றோர் எண்மர். பென்டனில் பெறாத குழந்தைகளின் குருதியில் நெருக்கீட்டு ஓமோன்கள் மிகுந்திருந்தன. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்களும் அவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்டன. அதே ஆண்டில் ஆனந்தும் ஹிக்கியும் இணைந்து எழுதிய விரிவான மதிப்பீட்டுக் கட்டுரை, வலியைக் கடத்துவதற்கும் உணர்வதற்கும் வேண்டிய நரம்பமைப்புகள் பிறப்புக்கு முன்னரே உருவாகிவிடுகின்றன என்பதை நிறுவியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 1987இல், பச்சிளங் குழந்தைகளுக்கும் உரிய மயக்கமும் வலிநீக்கமும் வழங்கப்படல் வேண்டும் என அறிவித்தது.

1992இல் இவ்விருவரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. இதய சத்திரசிகிச்சை பெற்ற பச்சிளங் குழந்தைகளுள் ஆழ்ந்த வலிநீக்கம் அளிக்கப்பெற்ற முப்பதின்மரில் ஒருவரும் இறக்கவில்லை. ஒப்பீட்டளவில் இலேசான மயக்கம் பெற்ற பதினைவருள் நால்வர் இறந்தனர். எண்ணிக்கை சிறிதே, ஆயினும் வலி என்பது வெறும் அனுபவம் அன்று, அஃது உடலைச் சிதைக்கும் பௌதிக ஆற்றல் என்பதை இம்முடிபு உணர்த்திற்று.

இவ்வரலாற்றை ஈண்டு விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. மயக்க மருந்தின் தீங்கைப் பற்றிப் பேசுவோர், அம்மருந்து இல்லாத காலம் எத்தகையது என்பதை மறத்தலாகாது.

3. வளரும் மூளையின் தனித்தன்மை

மனித மூளை ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அதன் வளர்ச்சியில் விரைவான பாய்ச்சற் காலம் ஒன்று உண்டு என்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் ஜோன் டொபிங் 1970களில் விளக்கினார். மனிதரில் இப்பாய்ச்சல் கருவின் பிற்பகுதியிற் தொடங்கிப் பிறந்தபின் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கின்றது. எலியில் இது பெரும்பாலும் பிறந்தபின் முதல் மூன்று வாரங்களுள் நிகழ்ந்து முடிகின்றது. இக்காலத்திலேயே நரம்புக்கலங்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைகின்றன. இவ்விணைப்புகளே பின்னர் கற்றலுக்கும் நினைவுக்கும் மொழிக்கும் அடிப்படையாகின்றன.

ஆனால் வளர்ச்சி என்பது ஆக்கம் மட்டுமன்று. அழிவும் அதன் ஒரு கூறாகும். மூளை தேவைக்கு மிகுதியான நரம்புக்கலங்களை முதலில் உருவாக்குகின்றது. அவற்றுள் ஏனைய கலங்களோடு பயனுள்ள இணைப்பை ஏற்படுத்திக்கொண்டவை நிலைக்கின்றன. தனித்துவிடப்பட்டவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. இஃது ஒழுங்குபடுத்தப்பட்ட கலச்சாவு ஆகும். நோயினாலோ காயத்தினாலோ நிகழும் சாவிலிருந்து இது வேறுபட்டது. ஒரு கலம் வாழவேண்டுமா மாளவேண்டுமா என்பதைத் தீர்மானிப்பதில் அது பெறும் நரம்புச் செய்திகளுக்குப் பெரும் பங்குண்டு. செய்தி வந்துகொண்டிருக்கும்வரை கலம் தன் தேவையை உணர்கின்றது; செய்தி நின்றுவிட்டால் தான் வேண்டப்படாதது என்பதுபோல் அழிவுப் பாதையிற் செல்கின்றது.

மயக்க மருந்துகள் தொழிற்படும் முறையை இங்கு நோக்குதல் வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை இருவகை வாங்கிகளின் வழியே செயலாற்றுகின்றன. ஐசோபுளூரேன், செவோபுளூரேன் ஆகிய வாயுக்களும் புரொப்பொபோல், மிடசோலம் போன்ற மருந்துகளும் காபா என்னும் பதார்த்தத்தின் வாங்கிகளை ஊக்குவித்து நரம்புச் செயலை அடக்குகின்றன. கெற்றமீனும் நைதரசு ஒட்சைட்டும் நரம்பைக் கிளர்த்தும் என்.எம்.டி.ஏ. வாங்கிகளைத் தடுக்கின்றன. இரண்டின் பயனும் ஒன்றே: மூளையிற் செய்திப் பரிமாற்றம் தற்காலிகமாகத் தணிகின்றது. வளர்ந்த மூளைக்கு இஃது ஒரு துயில் போன்றது. தன் இணைப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும் மூளைக்கு இம்மௌனமே ஒரு செய்தியாகிவிடக்கூடும்.

வேறொரு சிக்கலும் உண்டு. வளர்ந்தோரின் மூளையில் அடக்கும் இயல்புடைய காபா, தொடக்கநிலை மூளையிற் கலங்களைக் கிளர்த்தும் இயல்பினதாய் இருக்கின்றது. இளம் நரம்புக்கலத்தின் உள்ளே குளோரைட்டு அயன்களின் செறிவு மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். ஆகவே வளர்ந்தோரிடம் ஒரு மருந்து ஆற்றும் செயலைக் கொண்டு, குழந்தையிடம் அஃது யாது செய்யும் என ஊகித்துவிட முடியாது. குழந்தை சிறிய உருவங்கொண்ட வளர்ந்த மனிதன் அன்று என்னும் மருத்துவப் பாடம் மூளையைப் பொறுத்தவரை முழுமையாகப் பொருந்துகின்றது.

4. ஆய்வுகூடத்தின் சான்று

1999இல் கிறிசாந்தி இக்கோனமிடு, ஜோன் ஓல்னி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். எலிக்குஞ்சுகளில் என்.எம்.டி.ஏ. வாங்கிகளைச் சில மணித்தியாலங்கள் தடுத்தபோது, இயல்பாக நிகழும் கலச்சாவு பன்மடங்காகப் பெருகியதை அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டில் மதுசாரமும் இவ்வாறே செயலாற்றுவதை அவர்கள் காட்டினர். மதுசாரம் மேற்கூறிய இருவகை வாங்கிகளிலும் தொழிற்படுவது. கருவுற்ற காலத்தில் மது அருந்திய தாய்மாரின் குழந்தைகளிற் காணப்படும் மூளைக் குறைபாடுகளுக்கு இஃது ஒரு விளக்கமாயிற்று. அத்துடன், அதே வாங்கிகளிற் தொழிற்படும் மயக்க மருந்துகள் பற்றிய வினாவையும் அது தவிர்க்கவியலாததாக்கியது.

2003இல் வெஸ்னா யெவ்டோவிச் தொடொரோவிச் முதலியோர் அவ்வினாவை நேரடியாகவே எதிர்கொண்டனர். பிறந்து ஏழு நாளான எலிகளுக்கு மிடசோலம், நைதரசு ஒட்சைட்டு, ஐசோபுளூரேன் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆறு மணித்தியாலங்கள் கொடுத்தனர். மூளையின் பல பகுதிகளிற் கலங்கள் அழிந்தன. அவ்வெலிகள் வளர்ந்தபின்பும் கற்றலிலும் நினைவிலும் குறைபாடுடையனவாய் இருந்தன. சத்திரசிகிச்சைக் கூடங்களில் நாளாந்தம் பயன்படும் மருந்துகளே இவை என்பதால் மருத்துவ உலகம் அதிர்ச்சியுற்றது.

எலியிலிருந்து குரங்குக்கு ஆய்வு விரிந்தது. 2007இல் வெளியான ஆய்வொன்றிற் பிறந்து ஐந்து நாளான றீசஸ் குரங்குக் குட்டிகளுக்குக் கெற்றமீன் 24 மணித்தியாலங்கள் தொடர்ந்து செலுத்தப்பட்டபோது நரம்புக்கலங்கள் அழிந்தன. மூன்று மணித்தியாலங்கள் மட்டும் செலுத்தியபோது அவ்வழிவு காணப்படவில்லை. முப்பத்தைந்து நாளான குட்டிகளில் நீண்ட நேரம் செலுத்தியபோதும் அது காணப்படவில்லை. தீங்கு வயதையும் கால அளவையும் பொறுத்தது என்பதை இம்முடிபு தெளிவாக்கிற்று. 24 மணித்தியாலக் கெற்றமீனைப் பெற்ற குட்டிகள் பின்னாளில் அறிவாற்றற் சோதனைகளிற் பின்தங்கின என்பது 2011இல் அறிவிக்கப்பட்டது. 2010இல் ஐந்து மணித்தியால ஐசோபுளூரேன் மயக்கமும் குரங்குக் குட்டிகளிற் கலச்சாவைப் பெருக்கியமை கண்டறியப்பட்டது.

இத்தொடரிற் பெரிதும் பேசப்படாத முடிபு ஒன்றும் உண்டு. குஞ்சுப் பருவத்திற் செவோபுளூரேன் பெற்று நினைவாற்றல் குன்றிய எலிகளைப் பின்னர் செழுமையான சூழலில், அதாவது விளையாட்டுப் பொருள்களும் ஏனைய எலிகளின் தோழமையும் நிறைந்த கூடுகளில் வளர்த்தபோது, அக்குறைபாடு மறைந்தமை 2012இல் எடுத்துக்காட்டப்பட்டது. மூளை ஒருமுறை எழுதி முடிக்கப்பெற்ற ஏடு அன்று. சூழல் அதனைத் தொடர்ந்து திருத்தி எழுதுகின்றது.

5. விலங்கிலிருந்து மனிதனுக்கு

விலங்காய்வுகளின் முடிபுகளை அப்படியே மனிதக் குழந்தைமீது ஏற்றிக் கூறுவது முறையாகாது. எலியின் மூளை வளர்ச்சிப் பாய்ச்சல் சில வாரங்களில் முடிகின்றது. மனிதனில் அஃது ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது. எனவே எலியின் ஆறு மணித்தியாலம், விகிதப்படி, குழந்தையின் பல நாட்களுக்கு ஒப்பாகக்கூடும். ஏழு நாளான எலியின் மூளை மனிதனின் எந்தப் பருவத்துக்கு நிகரானது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. மேலும், கட்டைவிரற் பருமனான எலிக்குஞ்சின் மூச்சையும் குருதி அமுக்கத்தையும் சத்திரசிகிச்சைக் கூடத்திற் குழந்தைக்குச் செய்வதுபோற் கணந்தோறும் கண்காணித்துச் சீர்செய்தல் எளிதன்று. ஆய்வு விலங்குகளுட் பெரும்பாலானவை சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்படாமல் மயக்கம் மட்டும் பெற்றவை. குழந்தைக்கோ நோயும் காயமும் அழற்சியும் மயக்கத்தோடு சேர்ந்தே வருகின்றன.

ஆயினும் இவற்றைக் காரணங்காட்டி விலங்காய்வுகளை ஒதுக்கிவிடவும் இயலாது. இயல்பில் வேறுபட்ட பல உயிரினங்களில், பல ஆய்வுகூடங்களில், பல மருந்துகளில் ஒரே போக்கு காணப்படுகின்றது. இதன் பொருள் மனிதரிலும் தீங்கு நிகழ்கின்றது என்பதன்று. மனிதரில் ஆராய்ந்து பார்த்தே தீரவேண்டும் என்பதாகும்.

6. மனிதக் குழந்தைகள் பற்றிய ஆய்வுகள்

மனிதரில் இவ்வினாவை ஆராய்வதற்குப் பெருந்தடை ஒன்று உண்டு. மயக்க மருந்து காரணமின்றி எக்குழந்தைக்கும் கொடுக்கப்படுவதில்லை. மயக்கம் பெற்ற குழந்தை நோயுற்ற குழந்தை. பலமுறை மயக்கம் பெற்ற குழந்தை பெரும்பாலும் கடுமையாக நோயுற்ற குழந்தை. பின்னாளில் அது கல்வியிற் பின்தங்கினால், காரணம் மருந்தா, நோயா, குறைமாதப் பிறப்பா, வைத்தியசாலையிற் கழிந்த நாட்களா, குடும்பத்தின் வறுமையா என்பதை எவ்வாறு பிரித்தறிவது?

2009இல் வெளியான இரு ஆய்வுகள் இச்சிக்கலை நன்கு விளக்குகின்றன. முதலாவது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1976க்கும் 1982க்கும் இடையிற் பிறந்த 5,357 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தது. இவர்களுள் 593 பேர் நான்கு வயதுக்கு முன்னர் மயக்கம் பெற்றிருந்தனர். ஒருமுறை மட்டும் பெற்றோரிடம் கற்றற் குறைபாடு மிகவில்லை. இரண்டு அல்லது மேற்பட்ட முறை பெற்றோருள் 19 வயதுக்குள் 35.1 சதவீதத்தினரிடம் அக்குறைபாடு கண்டறியப்பட்டது. மயக்கம் பெறாதோரிடம் இது 20 சதவீதமாகும்.

இரண்டாவது ஆய்வு நெதர்லாந்தின் ஒரு கருவிரட்டையர் 1,143 சோடிகளைப் பற்றியது. மூன்று வயதுக்கு முன் இருவருமே மயக்கம் பெற்ற சோடிகள், இருவருமே பெறாத சோடிகளைவிடக் கல்வியிற் பின்தங்கியிருந்தன. இதனோடு ஆய்வு நின்றிருந்தால் மருந்தே குற்றவாளியாகியிருக்கும். ஆனால் ஒருவர் மட்டும் மயக்கம் பெற்ற சோடிகளை நோக்கியபோது இருவருக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. மரபும் வீடும் ஒன்றாயிருக்க, மருந்து மட்டும் வேறுபட்டவிடத்துப் பயன் வேறுபடவில்லை. ஆகவே, இளவயதில் மயக்கம் பெற்றமை குறைபாட்டின் காரணம் அன்று, குறைபாட்டுக்கு இலக்காகக்கூடிய குழந்தைகளின் அடையாளமே என்று ஆய்வாளர் முடிவு செய்தனர்.

வடஐரோப்பிய நாடுகளின் மக்கட் பதிவேடுகள் இக்கருத்துக்கு வலிமை தந்தன. குழந்தைப் பருவத்திற் குடலிறக்கச் சத்திரசிகிச்சை பெற்ற 2,689 டென்மார்க்குப் பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைப் பெறுபேறுகள், ஏனைய காரணிகளைக் கணக்கிற் கொண்டபின், 14,575 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவினின்றும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை என 2011இல் அறிவிக்கப்பட்டது. சுவீடனில் நான்கு வயதுக்கு முன் ஒருமுறை மயக்கம் பெற்ற 33,514 பிள்ளைகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு, பள்ளிப் புள்ளிகளில் 0.41 சதவீதக் குறைவை மட்டுமே கண்டது. தாயின் கல்வித் தரம், பிள்ளையின் பால், பிறந்த மாதம் ஆகியவற்றால் ஏற்படும் வேறுபாடுகள் இதனினும் மிகப் பெரியவை. ஒரு குழந்தையின் கல்வி வாழ்வைத் தீர்மானிப்பதில் சமூகக் காரணிகளின் பங்கு எத்துணைப் பெரிது என்பதற்கு இவ்வொப்பீடு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். எனினும் எல்லா முடிபுகளும் ஒரே திசையிற் செல்லவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவிற் பிறப்பு முதல் தொடரப்பெற்ற பிள்ளைகளைப் பற்றிய 2012ஆம் ஆண்டு ஆய்வு, மூன்று வயதுக்கு முன் மயக்கம் பெற்றோர் பத்து வயதில் மொழித் திறனிலும் அருவச் சிந்தனையிலும் பின்தங்கியதைக் கண்டது. பொதுப் பரீட்சைகள் காட்டாத நுண்ணிய குறைகளைத் தனிச் சோதனைகள் காட்டக்கூடும் என்பதை இது நினைவூட்டுகின்றது.

பதிவேடுகளை ஆராய்வதால் மட்டும் காரணத்தை நிறுவ முடியாது. எழுமாற்றாகப் பிரித்து ஒப்பிடும் சோதனையே அதற்குத் தக்க கருவி. அத்தகைய ஆய்வு ஏழு நாடுகளைச் சேர்ந்த 28 வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டது. குடலிறக்கச் சத்திரசிகிச்சை வேண்டியிருந்த 722 கைக்குழந்தைகளுள் ஒரு பகுதியினர் செவோபுளூரேன் வழியே பொது மயக்கம் பெற்றனர். மற்றப் பகுதியினர் விழித்த நிலையிலேயே முதுகந்தண்டை அண்டிச் செலுத்தும் ஊசியால் உடலின் கீழ்ப்பகுதியில் மட்டும் உணர்விழந்தனர். பொது மயக்கத்தின் இடைக் கால அளவு 54 நிமிடங்கள். இரண்டு வயதில் எடுத்த அளவீடுகள் 2016இலும், ஐந்து வயதில் எடுத்தவை 2019இலும் வெளியாயின. ஐந்து வயதில் விழித்திருந்து சிகிச்சை பெற்றோரின் சராசரி நுண்மதி ஈவு 99.08; பொது மயக்கம் பெற்றோரினது 98.97. இரண்டும் நடைமுறையில் ஒன்றே எனலாம்.

2016இல் அமெரிக்காவில் 105 உடன்பிறப்புச் சோடிகளை ஒப்பிட்ட ஆய்வும், மூன்று வயதுக்கு முன் ஒருமுறை மயக்கம் பெற்றவருக்கும் பெறாத உடன்பிறப்புக்கும் நுண்மதி ஈவு சராசரி 111 ஆகவே இருந்ததை அறிவித்தது. 2018இல் மினசோட்டாவில் 997 பிள்ளைகளை நேரிற் சோதித்த ஆய்வு நிலைமையின் இரு பக்கங்களையும் காட்டிற்று. மயக்கம் பெறாதோர், ஒருமுறை பெற்றோர், பலமுறை பெற்றோர் ஆகிய மூவகையினரிடமும் நுண்மதி ஈவில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் பலமுறை பெற்ற பிள்ளைகள் செய்திகளைக் கையாளும் வேகத்திலும் விரல்களின் நுண்ணியக்கத்திலும் சிறிது பின்தங்கியிருந்தனர். கற்றலிலும் நடத்தையிலும் இடர்ப்பாடுகள் இருப்பதாக அவர்களின் பெற்றோரும் கூறினர்.

இவற்றைத் தொகுத்து நோக்கும்போது நாம் கூறக்கூடியது இதுவே: ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் ஒற்றை மயக்கம், வேறு நோயற்ற குழந்தையின் பொது அறிவாற்றலைக் குறைப்பதில்லை என்பது வலுவான சான்றுகளால் நிறுவப்பட்டுள்ளது. நீண்ட மயக்கத்தைப் பற்றியும் மீண்டும் மீண்டும் பெறும் மயக்கத்தைப் பற்றியும் அத்தகைய உறுதிமொழியை வழங்க இயலாது.

7. எச்சரிக்கையும் அதன் விளைவும்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் எச்சரிக்கையொன்றை வெளியிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கோ, கருவுற்ற காலத்தின் இறுதி மூன்று மாதங்களிலுள்ள தாய்மாருக்கோ, மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அல்லது பலமுறை அளிக்கப்படும் மயக்கம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பது அதன் சாரம்.

இவ்வெச்சரிக்கை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மூன்று மணித்தியாலம் என்ற எல்லை முதன்மையாக விலங்காய்வுகளிலிருந்து பெறப்பட்டதேயன்றி மனிதச் சான்றுகளிலிருந்து பெறப்பட்டதன்று எனக் குழந்தை மயக்கவியலாளர் பலர் சுட்டிக்காட்டினர். மேலும் அவர்கள் எழுப்பிய வினா நடைமுறை சார்ந்தது. உணவுக்குழாய் இரைப்பையோடு இணையாமற் பிறந்த குழந்தை, குடல் அடைபட்ட குழந்தை, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகட்டிற் துவாரத்தோடு பிறந்த குழந்தை, கடுமையான இதயக் குறையுடைய குழந்தை ஆகியோருக்கு நீண்ட சத்திரசிகிச்சை மூன்று வயது வரை காத்திருக்கக்கூடியதன்று. அவர்களுள் பலருக்கு அது சில நாட்கள்கூடக் காத்திராது. அச்சத்தினாற் சிகிச்சையைப் பிற்போடும் பெற்றோர், ஐயத்துக்குரிய தீங்கைத் தவிர்க்க முனைந்து உறுதியான தீங்கைத் தேடிக்கொள்வோராவர்.

இவ்விடத்தில் வேறோர் ஆபத்தும் மறைந்துள்ளது. மருந்தைக் குறைத்தல் நன்று என்ற எண்ணம் வலிநீக்கத்தைக் குறைத்தல் நன்று என்ற எண்ணமாக நழுவிவிடக்கூடும். பாரிஸ் வட்டாரத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 430 பச்சிளங் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, அவர்கள் அடைந்த வலிதரும் செயல்முறைகளுள் ஏறத்தாழ 79 சதவீதம் அதற்கென வலிநிவாரணி எதுவும் முன்கூட்டி அளிக்கப்படாமலே செய்யப்பட்டமையை வெளிப்படுத்தியது. 1987இன் பாடம் இருபது ஆண்டுகளின் பின்பும் முழுமையாகக் கற்கப்படவில்லை. வலியும் மூளையில் தடம் பதிக்கின்றது. வலிதரும் செயல்முறைகளுக்கு மிகுதியாக உட்பட்ட குறைமாதக் குழந்தைகளின் மூளை வளர்ச்சி மாறுபட்டிருந்தமையை வன்கூவரில் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தோல் மரத்துப்போகும் மருந்தின்றி விருத்தசேதனம் செய்யப்பெற்ற ஆண் குழந்தைகள், சில மாதங்களின் பின் தடுப்பூசி போடும்போது மிகுதியான வலியைக் காட்டினர் என்பது 1997ஆம் ஆண்டிலேயே அறியப்பட்ட ஒன்றாகும்.

8. கவனம் பெறாத காரணிகள்

மருந்து மூளைக்கு நஞ்சாகுமா என்னும் விவாதத்தின் நடுவே, மூளையைச் சிதைப்பவை என நன்கறியப்பட்ட காரணிகள் பின்தள்ளப்படலாகாது. மயக்கத்திலுள்ள குழந்தையின் குருதி அமுக்கம் வீழ்ந்தால் மூளைக்குச் செல்லும் குருதி குறையும். ஒட்சிசன் குறைந்தாற் கலங்கள் மாளும். செயற்கை மூச்சின் வேகம் மிகுந்து காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறிக் குறைந்தால், மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்கும். குருதியில் வெல்லம் குறைதலும் உடல் குளிர்தலும் இத்தகையனவே. 31 ஐரோப்பிய நாடுகளின் 165 நிலையங்களிற் கைக்குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட மயக்கங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வேளைகளில் இத்தகைய நெருக்கடி ஒன்றேனும் தோன்றி மருத்துவரின் தலையீட்டை வேண்டிநின்றதைக் காட்டியது. வளம் மிக்க நாடுகளிலேயே நிலை இதுவாகும்.

ஆகவே குழந்தையின் மூளையைக் காப்பதில் எந்த மருந்து என்பதைக் காட்டிலும், யார் கொடுக்கின்றார், எதனைக் கொண்டு கண்காணிக்கின்றார் என்பது முதன்மை பெறுகின்றது. 2015இல் வெளியான உலகச் சத்திரசிகிச்சை பற்றிய லான்செற் ஆணைக்குழுவின் அறிக்கை, பாதுகாப்பானதும் கட்டுப்படியாகக்கூடியதுமான சத்திரசிகிச்சையையும் மயக்கத்தையும் பெற வாய்ப்பற்ற மக்கள் 500 கோடி எனக் கணக்கிட்டது. பயிற்சி பெற்ற மயக்க மருத்துவரும், விரலிற் பொருத்தி ஒட்சிசன் அளவைக் காட்டும் சிறு கருவியும் இல்லாத இடத்தில், மூலக்கூறு மட்டத்திலான நச்சுத்தன்மை பற்றிய விவாதம் தொலைவான ஒன்றாகிவிடுகின்றது. அறிவியலின் பயன் சமுதாயத்தில் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்னும் வினாவிலிருந்து இம்மருத்துவ வினாவைப் பிரித்து நோக்க முடியாது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம். உயிர் காக்கவோ உறுப்பைக் காக்கவோ வேண்டிய சத்திரசிகிச்சையை மயக்க மருந்துக்கு அஞ்சிப் பிற்போடுதல் பொருந்தாது. பிற்போடுவதால் தீங்கு நேராத சிகிச்சைகளைக் குழந்தை வளரும்வரை பிற்போடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட செயல்முறைகள் வேண்டியவிடத்து, இயலுமாயின் அவற்றை ஒரே மயக்கத்தில் முடித்தல் நன்று. உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் முறைகளை இயன்றவிடத்துப் பயன்படுத்தி வாயுக்களின் அளவைக் குறைக்கலாம். ஆனால் வலிநீக்கத்தை ஒருபோதும் குறைத்தலாகாது. மயக்கத்தின்போது மூச்சு, குருதி அமுக்கம், வெல்லம், வெப்பம் ஆகியவற்றை இடையறாது பேணுதல் வேண்டும். பலமுறை மயக்கம் பெற்ற குழந்தைகளின் வளர்ச்சியைப் பள்ளிப் பருவம் வரை தொடர்ந்து கவனித்து, பேச்சிலும் கற்றலிலும் உதவி வேண்டின் காலத்தோடு அளித்தல் வேண்டும். செழுமையான சூழல் எலியின் மூளையையே சீர்செய்யுமாயின், அன்பும் பேச்சும் விளையாட்டும் நல்லுணவும் மனிதக் குழந்தைக்குச் செய்யக்கூடிய நன்மையை நாம் குறைத்து மதித்தலாகாது.

பெற்றோரிடம் உண்மையை உள்ளவாறே கூறுதலும் மருத்துவரின் கடமையாகும். எந்த ஆபத்துமில்லை என்று கூறுவது உண்மையன்று. குழந்தையின் அறிவு மழுங்கிவிடும் என்று அஞ்சவைப்பதும் உண்மையன்று. குறுகிய ஒற்றை மயக்கம் பற்றி நமக்கிருக்கும் உறுதியையும், நீண்ட மயக்கம் பற்றி நமக்கிருக்கும் ஐயத்தையும் வேறுபிரித்துக் கூறுவதே நேர்மை.

பச்சிளங் குழந்தை தன் வலியைச் சொல்லாலே கூறமாட்டாது. பிற்காலத்தில் அதனை நினைவுகூரவும் மாட்டாது. இக்காரணம் பற்றியே அதன் வலி நெடுங்காலம் இல்லாததாகக் கொள்ளப்பட்டது. தமக்காகப் பேச இயலாதோரின் துன்பத்தை மறுப்பது எளிது. அதனை அளந்து நிறுவுவது அரிது. 1987இல் அறிவியல் அவ்வரிய பணியைச் செய்தது. மயக்க மருந்தின் தீங்கைப் பற்றிய இன்றைய ஆய்வும் அப்பணியின் தொடர்ச்சியே. குழந்தையை முதலில் வலியிலிருந்து காத்த அறிவியல், தான் கொடுத்த காப்பினால் நேரக்கூடிய தீங்கையும் தானே விசாரணைக்கு உட்படுத்துகின்றது. இவ்விசாரணை எந்த முடிபுக்கு வரினும், மயக்கமின்றி அசைவற்றுக் கிடந்த அக்குழந்தைகளின் காலத்துக்கு நாம் மீளுதல் இயலாது, மீளவுங் கூடாது.